பெரியவர் விட்டுப்போன தொட்டி மரங்கள்

(வானொலி உழவர் நிகழ்ச்சிக்கான உரை)



மூலனூர், தாராபுரம் பக்கத்து விவசாயிகளிடம் பருத்தியைப் பற்றிப் பேசலாம், குட்டை முருங்கையைப் பற்றிப் பேசலாம், கொறங்காட்டில் மேயும் ஆடு மாடுகளைப் பற்றிப் பேசலாம். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது கொஞ்சம் வேறு மாதிரியான விஷயம். முழங்கை உயரமே உள்ள ஆலமரம், இரண்டு சாண் உயரப் புளியமரம், தட்டு மாதிரியான தொட்டியில் வேரோடி நிற்கும் அரசமரம், இவற்றைப் பற்றி. இதற்குப் 'போன்சாய்' என்று பெயர். ஜப்பான் மொழிச் சொல். தட்டில் நட்டு வளர்ப்பது என்று பொருள்.

"அதெல்லாம் டவுன்காரங்க பொழுதுபோக்கு, நமக்கு எதுக்குங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களிலிருந்து ஆட்கள் திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனி வேலையில் நிலைத்துவிட்டார்கள். மண்ணில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மண்ணைத் தொடாமல் இருக்க முடிவதில்லை. மொட்டை மாடியில் நாலு தொட்டி வைப்பார்கள். அது நாற்பதாகும். அப்படி ஒரு பெரியப்பாவோ, மாமனோ இருபது முப்பது வருஷமாக வளர்த்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் வெளியூரில். "ஊருலதான் எடம் இருக்குது, நீ எடுத்துட்டுப் போயிரு தம்பி" என்று சொல்லி, நாற்பது தொட்டியும் உங்கள் வாசலில் வந்து இறங்குகிறது. பண்ணையம் தெரிந்தவருக்கே அப்போது கை தடுமாறும். காட்டு மரத்துக்குச் செய்கிற பக்குவம் இதற்கு ஆகாது. என்ன செய்வது, எதைச் செய்யக் கூடாது, எத்தனையை வைத்துக்கொள்வது, மீதியை யாரிடம் கொடுப்பது, இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

தொட்டி மரத்துக்குக் கிணறு நீங்கள்தான்

கொறங்காட்டில் நிற்கிற வெள்வேல மரத்தை நினைத்துப் பாருங்கள். யார் அதற்குத் தண்ணீர் விட்டார்கள்? ஒருவரும் இல்லை. மேலே ஈரம் காய்ந்தால் வேர் கீழே போகும். இந்தப் பக்கம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ஓடும். தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும்.

தொட்டி மரத்துக்கு அந்த வழி கிடையாது. அதன் பூமி மொத்தமே இரண்டு மூன்று அங்குல ஆழம். அந்த மண்ணில் உள்ள ஈரம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். சித்திரை வெயிலில் ஆழமில்லாத தொட்டி காலையில் ஊற்றிய தண்ணீரை மாலைக்குள் இழந்துவிடும். ஆகவே, தொட்டி மரத்தைச் சொத்தாகப் பெறுகிறவர் மரத்தை மட்டும் பெறுவதில்லை. தினமும் தண்ணீர் ஊற்றும் வேலையையும் சேர்த்தே பெறுகிறார். இந்த ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இதனால்தான் சொல்கிறேன், இப்படிப்பட்ட மரங்களுக்கு மிகவும் ஆபத்தான காலம் எது என்றால், வளர்த்தவர் இறந்த முதல் சில நாட்கள்தான். சாவு வீட்டில் யாருக்கு மாடி ஞாபகம் வரும்? சொந்தக்காரர்கள் வருவார்கள், காரியம் நடக்கும், கருமாதி வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேலை. கருமாதி முடிந்து யாராவது மாடி ஏறிப் பார்க்கும்போது பாதி மரம் காய்ந்திருக்கும். முப்பது வருஷ உழைப்பு பத்து நாளில் போய்விடும். எனவே அப்படி ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறவர், விஷயம் தெரிந்தவராக இருந்தால், ஒரு பையனைக் கூப்பிட்டு, "கண்ணு, காலைலயும் சாயங்காலமும் மேல போயித் தண்ணி ஊத்தீரு" என்று ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள். இறந்தவருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறு இல்லை.

தண்ணீர் ஊற்றும் முறை

தண்ணீர் ஊற்றுவதில் என்ன பாடம் என்று நினைக்காதீங்க. விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் பூவாளியால் மண் முழுவதும் நனையும்படி ஊற்றி, அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் வடியும் வரை நிறுத்தாதீர்கள். மேலாகத் தெளித்துவிட்டுப் போனால் மேல் மண் கறுப்பாகத் தெரியும், அடி வேர் காய்ந்தே கிடக்கும்.

சில தொட்டிகளில் மண் வறண்டு இறுகிப்போய், ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மண் மட்டம் முங்கும்படி தொட்டியை மெதுவாக இறக்குங்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். குமிழி நின்றதும் எடுத்து வடிய விடுங்கள். இது வறண்டுபோன தொட்டிக்கு மட்டும் செய்யும் வைத்தியம். அன்றாடம் அண்டாவில் ஊறப்போட்டால் வேர் அழுகிவிடும்.

நம் வட்டாரத்தில் பல போர்த் தண்ணீர் உப்பு. குடத்தில் வெள்ளை படிகிற தண்ணீர் தொட்டி மண்ணிலும் படியும். தொட்டி விளிம்பிலும் தண்டின் அடியிலும் வெள்ளைப் பூத்தால், இலை ஓரம் கருகினால், உப்பு சேர்ந்துவிட்டது என்று அறியலாம். கூரையில் விழும் மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து, கொசு போகாதபடி துணியால் மூடி வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அந்தத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி மண்ணைக் கழுவி விட்டால் உப்பு அடிவழியே இறங்கிவிடும்.

எங்கே வைப்பது?

வீட்டுக்குள்ளே வைக்காதீர்கள். அலங்காரப் பொருள் மாதிரித் தெரிவதால், டி.வி. பக்கத்தில் வைத்துவிடலாம் என்று தோன்றும். மரம் மரம்தான். அதற்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும். அதே சமயம், நகரத்து மாடியிலிருந்து வந்த உடனே வெட்டவெளி வெயிலில் நிறுத்துவதும் தவறு. முதல் இரண்டு மூன்று வாரம் வேப்பமரத்தடியில், புள்ளி வெயில் விழுகிற இடத்தில் வையுங்கள். அப்புறம் காலை வெயில் கிடைக்கிற, உச்சி வெயிலுக்கு மறைவான இடத்துக்கு மாற்றலாம். வேப்பமரம் இல்லாதவர்கள் தென்னங்கீற்றைக் கலக்கப் பரப்பி ஒரு பந்தல் போடலாம், நிழல்வலையும் கட்டலாம்.

நம் ஊரில் வெயிலுக்குச் சமமான எதிரி காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழையை அங்கேயே இறக்கிவிட்டு வெறுங்காற்று மட்டும் நம்மிடம் வருகிறது. வைகாசிக் கடைசி முதல் ஆவணி வரை அடிக்கிற அந்த மேல்காற்றில்தான் தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுகின்றன. அதே காற்று தொட்டி மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும், தொட்டியையே உருட்டியும் விடும். எனவே மேற்கே சுவரோ, முள்கிளுவை வேலியோ மறைப்பாக இருக்கிற இடம் நல்லது. தொட்டியைத் தரையில் வைக்காமல் கல்லடுக்கி, பலகைக்கல் போட்டு இடுப்பு உயரத்தில் வையுங்கள். கோழி கிளறாது. எறும்பு ஏறுவது குறையும். ஆட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆலிலையும் இச்சி இலையும் வெள்ளாட்டுக்கு விருந்து. கட்டுத்தரைக்குப் பக்கத்தில் வைத்தால் முப்பது வருஷ மரத்தை மூன்று நிமிஷத்தில் மொட்டையாக்கிவிடும்.

முதல் ஒரு வருஷம் கத்தி வேண்டாம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். புதிதாகக் கைக்கு வந்த போன்சாயை முதல் ஒரு வருஷம் வெட்டாதீர்கள். தொட்டி மாற்றாதீர்கள். யூரியா போடாதீர்கள்.

ஏன்? நாம் சுறுசுறுப்பான ஆட்கள். ஒரு கிளை கோணலாகப் போனால் உடனே அரிவாளை எடுப்போம். ஆனால் அந்தக் கோணல் கிளையைப் பெரியவர் எதற்காக விட்டு வைத்தார் என்று நமக்குத் தெரியாது. பத்து வருஷம் யோசித்து வளர்த்த கிளையாக இருக்கலாம். அது மட்டுமல்ல, இடம் மாறிய மரம் வேறு தண்ணீருக்கும் வேறு காற்றுக்கும் பழகிக்கொண்டிருக்கும். புதிதாக வாங்கி வந்த மாட்டை அன்றைக்கே ஏரில் பூட்டுவோமா? அதுபோலத்தான். யூரியாவோ, சின்னத் தொட்டியில் ஒரு சிட்டிகை கூடிப்போனாலும் வேரைச் சுட்டுவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சில மரங்களில் கிளைகளை வளைப்பதற்காக அலுமினியக் கம்பியோ செம்புக் கம்பியோ சுற்றியிருக்கும். மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் அழுந்தும். அழுந்த ஆரம்பித்திருந்தால் கம்பியை எடுத்துவிட வேண்டும். சுற்றைப் பிரித்து உருவினால் கிளை ஒடிந்துவிடும். கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள்.

இலை உதிர்ந்தால் பயந்துவிடாதீர்கள். இடம் மாறினால் ஆல் இனம் பழுத்த இலையைக் கொட்டும். அரசு மாசி, பங்குனியில் இலை உதிர்ப்பது இயற்கை. சந்தேகம் வந்தால் சிறு குச்சியில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. "செத்துப்போச்சு" என்று குப்பையில் போடுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

பெயரும் குணமும்

முதல் வாரத்திலேயே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தொட்டி ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, மரத்தின் பெயர், எந்தத் தேதி வந்தது, எப்போது தளிர்விட்டது என்று எழுதி வாருங்கள். பெயர் தெரியாவிட்டால் செல்போனில் படம் எடுத்து, நர்சரிக்காரரிடமோ, வேளாண்மை அல்லது தோட்டக்கலை அதிகாரியிடமோ காட்டலாம். பெரியப்பாவின் பழைய டைரி, அவரோடு பழகிய நண்பர்கள், அவர் செடி வாங்கிய இடம், இவற்றையும் விசாரியுங்கள். அந்த விவரம் அவரோடு போய்விட்டால் திரும்பக் கிடைக்காது.

பெயர் எதற்கு என்றால், குணம் பெயரில்தான் இருக்கிறது. நம் பக்கத்து வசதிக்காக மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்று, தண்ணீர் கேட்கும் கூட்டம். ஆல், அரசு, இச்சி, அத்தி, புளி. இவை நம் மண்ணின் பிள்ளைகள். வெயில் தாங்கும். கைவிட்டாலும் ஓரளவு மன்னிக்கும். புதிதாக வளர்ப்பவருக்கு ஏற்றவை இவைதான். காகிதப்பூவையும் இதோடு சேர்க்கலாம், ஆனால் அதற்குக் கொஞ்சம் காயவிட்டு ஊற்றினால்தான் பூ நன்றாக வரும்.

இரண்டு, தண்ணீர் கூடினால் கெடும் கூட்டம். அடிபருத்து, ரோஜா நிறத்தில் பூக்கும் அடேனியம், தடித்த சின்ன இலையுள்ள ஜேட் செடி. மண் நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். ஐப்பசி மழையில் தொடர்ந்து நனைந்தால் அடித்தண்டு அழுகும், ஓட்டுச் சாய்ப்பின் கீழே தள்ளி வையுங்கள். அடேனியத்தின் பால் விஷம். குழந்தைகள் கைக்கும் ஆட்டு வாய்க்கும் எட்டாமல் இருக்கட்டும்.

மூன்று, குளிர் கேட்கும் கூட்டம். பைன், குளிர்ப் பிரதேசத்து ஜூனிபர் வகைகள். மூலனூர் வெயிலில் இவற்றைக் காப்பது அனுபவசாலிக்கே கஷ்டம். ஜூனிபர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். நாம் உயிரோடு இருக்கிறது என்று எண்ணித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம். இந்த மூன்றாவது கூட்டத்தை முதலில் வேறு வீடு பார்த்து அனுப்புங்கள். கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு பக்கம் தெரிந்தவர் இருந்தால் கோடைக்கு முன்பே அங்கே போய்ச் சேரட்டும்.

ஒரு வருஷம் கழித்துச் செய்ய வேண்டியவை

ஒரு வருஷம் பார்த்துவிட்டால் மரத்தின் போக்கு உங்களுக்குப் பிடிபடும். அப்புறம் பக்குவங்களைத் தொடங்கலாம்.

ஆல் இனங்களுக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மண் மாற்ற வேண்டும். நம் பக்கம் ஐப்பசி மழை தொடங்கும் சமயம் தோதானது. காற்றில் ஈரம் இருக்கும், மேல்காற்றும் ஓய்ந்திருக்கும். தொட்டியிலிருந்து மரத்தைத் தூக்கி, சுற்றிச் சுருண்ட வேரில் மூன்றில் ஒரு பங்கைக் கூர்மையான கத்திரியால் நறுக்கிவிட்டுப் புதுமண் போட்டு நட வேண்டும். கரிசல் மண் ஆகாது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேரை மூச்சு முட்டவைக்கும். செங்கலை உடைத்துச் சலித்து, மாவையும் பெரிய கல்லையும் தள்ளிவிட்டுக் கடுகுக்கும் பட்டாணிக்கும் இடைப்பட்ட பருவத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. மரம் ஆடாமல் இருக்க, அடி ஓட்டை வழியாகக் கம்பி விட்டு வேர்க்கட்டைத் தொட்டியோடு கட்டுங்கள். மூன்று வாரம் நிழலில் வைத்து எடுங்கள்.

உரத்துக்குக் கடலைப் புண்ணாக்கு போதும். ஒரு கைப்பிடியை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, தளிர்விடும் காலத்தில் மாதம் ஒரு தடவை ஊற்றலாம். நோய்ப்பட்ட மரத்துக்கும், புதிதாக மண் மாற்றிய மரத்துக்கும் உரம் வேண்டாம்.

பூச்சி என்றால் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும்தான் அதிகம். நாலைந்து தொட்டிக்கு ஸ்பிரேயர் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

"மரத்த இப்படி நறுக்கி நறுக்கிக் குட்டையா வெக்கிறது பாவமில்லீங்களா?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. கொறங்காட்டில் ஆடு கடித்துக் கடித்து, முழங்கால் உயரத்திலேயே தண்டு பருத்து நிற்கும் இலந்தையைப் பார்த்திருப்பீர்கள். அது சாகவில்லை. முருங்கையைக் கவாத்து செய்கிறோம், கிளுவை வேலியைக் கழிக்கிறோம், மறுபடி தளிர்க்கிறது. போன்சாயும் அந்த மாதிரிதான். மரத்தைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குவதல்ல. வெட்டிய வேருக்குப் பதிலாகப் புதுவேர் வந்து மரம் இளமையாகிறது. சென்னை அடையாறில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரம் பரந்து நிற்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1989இல் அதன் தாய்த்தண்டு சாய்ந்த பிறகும் விழுதுகள் மரத்தைத் தாங்கி நிற்கின்றன. உங்கள் தட்டில் நிற்கிற ஆலும் அதே ஜாதிதான். இடம் கொடுத்தால் அவ்வளவு, தட்டு கொடுத்தால் இவ்வளவு. பாவம் எதில் என்றால், தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறப்பதில்தான்.

எத்தனை வைத்துக்கொள்வது?

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு தொட்டியைப் பார்த்து, விரல் விட்டு, தண்ணீர் ஊற்ற ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 தொட்டிக்கு 40 நிமிஷம். கோடையில் காலையும் மாலையும் சேர்த்து 80 நிமிஷம். பால் கறக்க வேண்டும், ஆட்டை ஓட்ட வேண்டும், பருத்தி எடுக்க ஆள் பார்க்க வேண்டும். பழனிக்குப் பாதயாத்திரை போகிற நாலு நாள், கல்யாணத்துக்குப் போகிற இரண்டு நாள் யார் ஊற்றுவது? தீவனம் பார்த்துத்தானே மாடு கட்டுகிறோம்? அதுபோல, கையைப் பார்த்துத் தொட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அநேக வீட்டுக்கு ஐந்தாறு தொட்டி போதும். நம் மண்ணுக்கு ஏற்ற, நல்ல ஆரோக்கியமான மரங்களாகப் பொறுக்குங்கள். பெரியவர் அதிகம் பிரியம் வைத்தது எது என்று வீட்டாரைக் கேட்டு அதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் மக்களையும் கேளுங்கள். "அப்பா ஞாபகமா ஒண்ணு எனக்கு வேணும்" என்று சொல்ல வாய் வராமல் இருப்பார்கள்.

மீதியைக் கொடுப்பதில் சில எச்சரிக்கைகள். துக்கம் ஆறும் முன்பே யாராவது வந்து, "மொத்தத்துக்கும் இவ்வளவு தர்றேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த மரத்துக்கு விலை உயரத்தில் இல்லை. தண்டின் பருமனிலும், வயதிலும், கிளை அமைப்பிலும் இருக்கிறது. நல்ல தொட்டிக்கே தனி விலை உண்டு. பருத்தியை ஏலத்துக்குக் கொண்டுபோகிற நமக்கு, ஒரே வியாபாரியிடம் விலை கேட்கக் கூடாது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். பெரிய ஊர்களில் போன்சாய் வளர்ப்போர் சங்கங்கள் உண்டு. மைசூரில் கிஷ்கிந்தா மூலிகா என்ற பெரிய போன்சாய் தோட்டம் இருக்கிறது. பெங்களூரு லால்பாக்கிலும் ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நடை பார்த்துவிட்டு வந்தால், நம்மிடம் இருப்பது என்ன தரம் என்று ஓரளவு தெரியும்.

பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாமா என்றால், கோடை விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று முதலில் கேளுங்கள். கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்தால் உள்ளே இருட்டில் வைத்துவிடுவார்கள். கோயிலில் தினமும் வருகிற பூசாரி ஒத்துக்கொண்டால் அரசும் ஆலும் அங்கே நன்றாக இருக்கும். வீட்டில் அவற்றை வைக்கத் தயங்குகிறவர்களுக்கும் அது நல்ல வழி. வாங்குகிறவர் எவ்வளவு பெரிய மனிதர் என்று பார்க்காதீர்கள். தினமும் தண்ணீர் ஊற்றுவாரா என்று பாருங்கள். பெரியவரோடு மாடியேறித் தண்ணீர் ஊற்றின பக்கத்து வீட்டுப் பையன் கேட்டால், அவனுக்குத்தான் முதல் உரிமை. கொடுக்கும்போது நோட்டில் அந்த மரத்துக்கு எழுதிய பக்கத்தையும் பார்த்தெழுதிக் கொடுங்கள்.

"காட்டுல நட்டுப்போட்டா என்னங்க?" என்று கேட்கலாம். வயது குறைந்த சாதாரண ஆல், புளிக் கன்றாக இருந்தால் செய்யலாம். ஐப்பசி மழையில் குட்டைக் கரையிலோ, புறம்போக்கு ஓரத்திலோ பஞ்சாயத்தைக் கேட்டு நட்டால் நாளைக்கு நிழல் ஆகும். கிணற்றுக்கும் வீட்டுச் சுவருக்கும் பக்கத்தில் மட்டும் ஆல், அரசு நட வேண்டாம். வேர் சுவரைப் பிளந்துவிடும். ஆனால் முப்பது வருஷம் பக்குவப்பட்ட மரத்தை நிலத்தில் நட்டால், அந்த முப்பது வருஷ வேலை அதோடு அழிந்துபோகும். அதற்கு வேறு கை தேடுவதே மேல்.

கொண்டுபோகும்போது திறந்த வண்டியில் நிற்கவைத்து ஓட்டாதீர்கள். வண்டி வேகக் காற்றில் இலை கருகிவிடும். முன்னாளே தண்ணீர் ஊற்றி, மரத்தைத் தொட்டியோடு கட்டி, மூடிய வண்டியில் இரவு நேரத்தில் கொண்டுபோங்கள்.

கொடுத்த மரம் போன மரமல்ல

இடம் மாற்றுவது என்றதும், பெரியவர் சொத்தைக் கைவிடுகிறோமே என்று மனம் சங்கடப்படும். ஜப்பான்காரர்கள் இதில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1923இல் டோக்கியோவில் பெரிய பூகம்பம் வந்தது. நகரத்தில் மரம் வளர்த்தவர்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று. நல்ல மண்ணும் தண்ணீரும் காற்றும் இருக்கிற ஊராகத் தேடி, 1925இல் ஓமியா என்ற இடத்தில் குடியேறி, மரங்களை அங்கே வைத்து வளர்த்தார்கள். இன்றைக்கும் அது போன்சாய்க் கிராமம் என்றே பெயர் பெற்றிருக்கிறது.

இன்னொன்று. ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் போன்சாய் வளர்த்துவந்தது. அவர்களிடம் ஒரு வெள்ளைப் பைன் மரம், 1625 முதல் தொட்டியில் வளர்வது. தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று கைமாறி வந்தது. 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி அமெரிக்கா அந்த ஊரில் அணுகுண்டு போட்டது. குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் இவர்கள் வீடு. குடும்பமும் பிழைத்தது, மதில் மறைவில் இருந்த அந்த மரமும் பிழைத்தது.

1976இல் அமெரிக்கா தன் 200ஆம் ஆண்டு சுதந்திர விழாவைக் கொண்டாடியபோது, ஜப்பானியப் போன்சாய் சங்கம் 53 மரங்களை அன்பளிப்பாக அனுப்பியது. அதில் மசாரு யமாகி என்ற பெரியவர் கொடுத்தது இந்த மரம். தன் ஊரில் குண்டு போட்ட நாட்டுக்கே கொடுத்தார். வாஷிங்டனில் உள்ள தேசியத் தாவரத் தோட்டத்தில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். அது அணுகுண்டுக்குத் தப்பிய மரம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது. 25 வருஷம் கழித்து, 2001இல் யமாகியின் பேரப்பிள்ளைகள் இருவர் தேடிக்கொண்டு போய், தாத்தா மரத்தைப் பார்த்து, கதையைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மரம் பசுமையாக நின்றது.

தாத்தா மரத்தை வீட்டிலேயே வைத்திருந்தால்தான் மரியாதை என்று இல்லை. உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் மரியாதை. நம்மால் முடியும் என்றால் நம் வீட்டில், முடியாவிட்டால் முடிகிறவர் வீட்டில். ஆனால் முடியாது என்று தெரிந்த பிறகும் கௌரவத்துக்காக நாற்பதையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காயவிடுவது, வளர்த்தவரின் முப்பது வருஷத்தைக் காயவிடுவதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் யாராவது இப்போதும் தொட்டி மரம் வளர்த்துக்கொண்டிருந்தால், அடுத்த தடவை திருப்பூர் போகும்போது அவரோடு மாடியேறுங்கள். "இது என்ன மரமுங்க, இதுக்கு எப்பத் தண்ணி ஊத்தோணும், உங்களுக்கப்புறம் இத ஆருகிட்டக் குடுக்கோணும்?" என்று மனம் நோகாமல் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிலத்துக்குப் பட்டாவும் சிட்டாவும் வைத்திருக்கிறோம். தொட்டி மரத்துக்கு அந்த ஒரு நோட்டுதான் பத்திரம்.